இருபத்தேழும் ஒரு மூக்கும்

மே 6

அண்ணனுக்கு,

நேற்று நீங்கள் எங்கள் ஆய்வுக்கூட இயக்குநரைப் போனில் பிடித்து இருபது நிமிடம் பேசினீர்களாம். அதில் பதினெட்டு நிமிடம் என்னைப் பற்றி. "உங்க அண்ணனுக்கு வாயும் நல்லா நுரைக்குதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். இனி உங்கள் போனை எடுக்கப்போவதில்லை. சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள். ஆய்வுக்கூடத்தில் எழுதி வைக்காத எதுவும் நடந்ததாக ஆகாது. நேற்றுச் சொன்னதை இன்று "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்று கேட்கிற உங்களுக்கும் அதுதான் நல்லது.

பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். சோப்புக் கம்பெனியில் வாசனை பார்க்கிறவர் ஒருவர் ஒரு நுரைப் பொருளைக் கலக்குகிறார். அதற்கு 'இருபத்தேழு' என்று பெயர் வைக்கிறார். இன்ஃப்ளூயன்சாவுக்கு இதுவே மருந்து என்று ஐந்து பக்கக் கடிதத்தோடு, வைரஸ் சோதனை செய்யும் தங்கைக்கு அனுப்புகிறார். முதல் இருபத்தாறு கலவைகள் என்ன ஆயின என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்தத் தங்கை பாட்டிலை அலமாரியில் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை, சோதித்தாள். மூன்று அடர்த்தியில் சோதித்தேன், மூன்றிலும் செல்கள் செத்துப்போயின. அதனால்தான் 'செல்களைக் கொல்கிறது, பயனில்லை' என்று ஒரே வரியில் அறிக்கை கொடுத்தேன். ஐந்து பக்கத்துக்கு ஒரு வரி பதில் என்பது உங்களுக்கு அவமானமாகப் பட்டிருக்கிறது. இரண்டாவது வரி எழுதுவதற்கு அதில் எதுவும் இல்லை.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஃப்ளூ வைரஸுக்கு மேலே கொழுப்பால் ஆன ஓர் உறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும், வைரஸ் காலி. இதைக் கண்டுபிடிக்க நீங்கள் பிறந்து வர வேண்டியதில்லை. கை கழுவுகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் உடம்பின் செல்லுக்கும் தோல் கொழுப்புதான். உங்கள் இருபத்தேழுக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியவில்லை. கையின் மேல்தோல் ஏற்கெனவே செத்த தோல், அதனால் தாங்குகிறது. மூக்குக்குள் இருப்பது உயிருள்ள சதை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை


மே 11

அன்புள்ள கிருமிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. வைரஸ் வேலைக்குப் போன நாளிலிருந்து வீட்டில் உனக்கு அதுதான் பெயர். இப்போது பொருத்தமும் கூடியிருக்கிறது.

உன் கடிதத்தை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "ரெண்டு பேரும் பேசித் தொலைச்சா என்ன?" என்றாள். அவளுக்குப் புரியாது. நீ பேச மாட்டாய், தீர்ப்பு மட்டும்தான் சொல்வாய். பத்தாவது வயதிலேயே என் சட்டையை முகர்ந்து பார்த்து "நீ சிகரெட் குடிச்சே" என்று அப்பாவிடம் தீர்ப்புச் சொன்னவள் நீ. அது சிகரெட் இல்லை, ஊதுவத்தி. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, மூக்கு உனக்கு வாய்க்கவில்லை என்று.

இருபத்தாறு வருடமாக இந்தக் கம்பெனியில் என் மூக்குக்குத் தப்பி ஒரு சோப்பும் வெளியே போனதில்லை. வாசனையை அளக்கப் பெரிய பெரிய மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள். அது சரி என்று சொன்னாலும் முதலாளி என்னைத்தான் பார்ப்பார். எலுமிச்சை எண்ணெயில் பழசு கலந்திருந்தால் டிரம் மூடியைத் திறக்கும் முன்பே சொல்வேன். நீ சர்ஃபாக்டன்ட் என்று பாடப்புத்தகத்தில் படித்த நுரைப் பொருளில் நான் தினமும் முழங்கை வரை நனைகிறேன். எது தோலைக் கடிக்கும், எது கடிக்காது என்று எனக்கு நீ வகுப்பு எடுக்கிறாய்.

இருபத்தேழு மென்மையானது. குழந்தை ஷாம்பூவுக்காகத் தொடங்கிய வரிசை அது. என் கடிதத்தின் நாலாம் பக்கத்தில் எவ்வளவு நீர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். நீ நாலாம் பக்கம் வரை போயிருக்க மாட்டாய். முதல் பக்கத்தில் 'சோப்பு' என்ற வார்த்தையைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்திருப்பாய்.

முதலாளி ஆசையாக இருக்கிறார். மூக்கில் இரண்டு சொட்டு அடிக்கிற மாதிரி சின்ன பாட்டில் போடலாம் என்கிறார். நீ ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். நீ இல்லாவிட்டால் உலகத்தில் வேறு ஆய்வுக்கூடமே இல்லையா?

அண்ணன்


மே 15

அண்ணனுக்கு,

இருக்கின்றன. பணம் கட்டினால் நல்ல எழுத்தில் நல்ல செய்தி அச்சடித்துக் கொடுக்கும் ஆய்வுக்கூடங்கள் நிறைய இருக்கின்றன. போங்கள். போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வைரஸே போடாமல், உங்கள் மருந்தை மட்டும் செல்லின்மேல் ஊற்றிய குழி எங்கே?

எங்கள் தட்டில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும், நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த உயிருள்ள செல்கள் பாய் விரித்த மாதிரி ஒட்டியிருக்கும். அதன்மேல் வைரஸை விட்டால் செல்லுக்குள் புகுந்து பெருகும். வைரஸ் பெருகச் செல் உயிரோடு இருக்க வேண்டும். மருந்தே செல்லைக் கொன்றுவிட்டால் வைரஸ் எங்கே போய்ப் பெருகும்? மூன்று நாள் கழித்துப் பார்த்தால் வைரஸ் பூஜ்யம். விவரம் கெட்டவர்கள் அதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். அதனால்தான் மருந்து மட்டும் போட்ட குழி ஒன்று வேண்டும். கடைசியில் ஊதாச் சாயம் ஊற்றினால், உயிரோடு ஒட்டியிருந்த செல் சாயம் பிடிக்கும். செத்தது கழுவிக்கொண்டு போய்விடும். உங்கள் குழிகள் கண்ணாடியாக இருந்தன. குடிதண்ணீர் டம்ளர் மாதிரி சுத்தம். சோப்புக்காரருக்கு அது பெருமையாக இருக்கலாம்.

இன்னொன்று. இதைக் கிண்டலாக எழுதவில்லை. வாசனை தெரிகிற நரம்பு மூக்கின் மேல்கூரையில் வெறும் சளிப்படலத்தைப் போர்த்திக்கொண்டு வெளியே தலை நீட்டிக்கொண்டு இருக்கிறது. உடம்பில் வேறு எந்த நரம்பும் இப்படித் திறந்து கிடக்காது. நுரைப் பொருள் அங்கே போனால் அது கரையும். எலிகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். எலிக்கு வாசனை போனால் அது தீனியைக் கண்ணால் தேடும். உங்களுக்கு மூக்குதான் சோறு போடுகிறது. அதில் இதை விட்டுவிடாதீர்கள்.

நாலாம் பக்கம் படித்தேன்.

தங்கை


ஜூன் 2

அன்புள்ள கிருமிக்கு,

இத்துடன் ஓர் அறிக்கையின் நகல். மேலே தங்க நிறத்தில் முத்திரை இருக்கிறது, பார். கீழே மூன்று கையெழுத்து. நடுவில் நீ படிக்க வேண்டிய வரிக்கு நானே சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்: 'நூற்றில் ஒரு பங்கு அடர்த்தியில் இன்ஃப்ளூயன்சா வைரஸ் நூறு சதவீதம் அழிந்தது.' நூறு, தொண்ணூற்றொன்பது இல்லை. அரசாங்கச் சம்பளத்தில் நீங்கள் எத்தனையோ பேர் சேர்ந்து உட்கார்ந்தும் கண்ணுக்குத் தெரியாதது, மூன்று வாரத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

நீ சொன்ன குழியைப் பற்றிக் கேட்டேன். அந்த ஆய்வுக்கூடத்து மேலாளர் டீ வரவழைத்துக் கொடுத்து, "சார், அதெல்லாம் படிக்கிற பசங்க செய்யறது. நமக்கு ரிசல்ட் முக்கியம்" என்றார். எவ்வளவு மரியாதையான மனிதர். உன் இயக்குநர் எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருப்பாரா?

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. பேக்கிங் பிரிவில் நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். ஃப்ளூ வந்தால் பாதிப் பேர் படுத்துவிடுவார்கள், வேலை நின்றுவிடும். அதனால் ஜூலை முதல் தேதியிலிருந்து அவர்கள் எல்லோருக்கும் காலையில் இரண்டு சொட்டு, அதன் பிறகு கடைக்கு என்று முடிவு செய்திருக்கிறார். என் பெயர் பாட்டிலில் வராது, ஆனால் மேலாளர் நாற்காலி வரும்.

உடனே நீ குதிப்பாய். நூற்று நாற்பது பேருக்குக் கொடுக்கும் முன்னால் யார் போட்டுப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறாய்? உன்னைப்போல நாயின் செல்லையும் எலியையும் முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஒளிகிற வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. தோலுக்கு என்றால் என் தோல்தான் முதலில். மூக்குக்கு என்றாலும் அப்படித்தான்.

அண்ணன்


ஜூன் 6

அண்ணனுக்கு,

அறிக்கையைப் பார்த்தேன். முத்திரை நன்றாக இருக்கிறது. மருந்து மட்டும் போட்ட குழி இல்லை. சாயம் பிடித்த படம் இல்லை. மூன்று கையெழுத்தில் இரண்டு ஒரே கை; வளைவைப் பாருங்கள். இதற்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்கப்போவதில்லை, எனக்கு வயிறு எரியும். கொதிக்கிற தண்ணீரையும் அதே ஆளிடம் கொடுத்துப் பாருங்கள், அதற்கும் நூறு சதவீதம் போட்டு டீயும் கொடுப்பார்.

இந்தப் பொருளைப் பற்றி எங்கள் ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. சேர்ப்பதற்கு எதுவும் இல்லை.

ஒரு கேள்வி மட்டும். மூக்கில் போட்டீர்களா? ஆம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும். தபால் அட்டையில் எழுதினால்கூடப் போதும்.

தங்கை


ஜூன் 19

தங்கைக்கு,

வேலை அதிகம், அதனால் தாமதம். இங்கே எல்லோரும் நலம். புது ரோஜா சோப்பு ஒன்று வெளிவந்திருக்கிறது. நான்தான் பார்த்து அனுப்பினேன். நிறம் நன்றாக வந்திருக்கிறது. அட்டைப்பெட்டியும் அழகு. ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நீ என்ன போலீஸா?

எலி விஷயம் ஒன்று எழுதியிருந்தாயே, மே மாதக் கடிதத்தில். அந்த எலிகளுக்குப் பிறகு என்ன ஆயிற்று? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். முதலாளி கேட்டார்.

அண்ணன்


ஜூன் 23

அண்ணா,

உன் முதலாளி எலியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார். நேற்று அண்ணி போன் செய்தார். பால் பொங்கி அடுப்பில் வழிந்து, பாத்திரம் கருகி, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவருக்குத் தீய்ந்த நாற்றம் எட்டி ஓடி வந்தாராம். நீ சமையலறைக்கு அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாயாம். "என்னங்க, மூக்கு அடைச்சிருக்கா?" என்று கேட்டதற்கு அவர்மேல் எரிந்து விழுந்தாயாம். நீ அனுப்பிய ரோஜா சோப்பில் ரோஜா இல்லை அண்ணா. பழைய எண்ணெய் வாடை அடிக்கிறது. எனக்கே தெரிகிறது.

போட்டிருக்கிறாய். எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு? உடனே நிறுத்து. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் உண்மையைச் சொல், ஜலதோஷம் என்று பூசி மெழுகாதே. எலிகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாய். அந்த நரம்பு திரும்ப முளைக்கக்கூடியது. சில எலிகளுக்கு முளைத்தது. சிலவற்றுக்கு முளைக்கவில்லை.

இனி எழுதப்போவதை மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு தட்டில் எட்டு வரிசை. எந்தப் பொருள் வந்தாலும் எட்டையும் நிரப்ப வேண்டும், ஒன்றைவிட ஒன்று நீர்த்ததாக. அதுதான் முறை. நான் புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற முதல் பாடமும் அதுதான். உன் பாட்டிலுக்கு மூன்று வரிசைதான் போட்டேன். மூன்றும் கெட்டியான அடர்த்தி. மீதி ஐந்து வரிசையில் வேறொரு வேலையைச் செய்தேன். சோப்புக்காரர் சரக்குக்கு ஒரு முழுத் தட்டை எதற்கு வீணாக்க வேண்டும் என்று நினைத்தேன். நாலாம் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் இப்படிச் செய்தேன் என்று நினைக்காதே. நீ திட்டிய பிறகுதான் படித்தேன். படித்தும் அசையவில்லை.

மே கடைசியில், உன் வாயை ஒரேயடியாக அடைக்க வேண்டும் என்று எட்டு வரிசையும் போட்டேன். நீர்த்த இடத்திலும் ஒன்றுமில்லை என்று காட்டுவதற்குத்தான் போட்டேன். ஆறாவது வரிசையில் செல்கள் நன்றாக ஊதாவாக நின்றன. மருந்து மட்டும் போட்ட குழியிலும் நின்றன. வைரஸ் எண்ணிக்கை நூறு மடங்கு குறைந்திருந்தது. நீ நாலாம் பக்கத்தில் எழுதிய அளவுக்கு அருகில்தான், தங்க முத்திரை அறிக்கையின் நூற்றில் ஒரு பங்கைவிட எத்தனையோ மடங்கு நீர்த்தது. மறுபடியும் செய்தேன், அதேதான். இது மருந்து என்று அர்த்தமில்லை. தட்டு வேறு, மூக்கு வேறு. ஆனால் 'பயனில்லை' என்று நான் எழுதியது தப்பு.

ஜூன் ஆறாம் தேதி உனக்குக் கடிதம் எழுதும்போது அந்தத் தட்டு என் மேஜைமேல் இருந்தது. 'சேர்ப்பதற்கு எதுவும் இல்லை' என்று எழுதினேன். இயக்குநர் அறையில் எல்லோருக்கும் உன் கடிதத்தைப் படித்துக் காட்டிச் சிரிக்கவைத்தவள் நான். அவர்கள் முன்னால் போய் அண்ணன் சொன்னது பாதி சரி என்று சொல்ல என் வாய் எழவில்லை. சொல்லியிருந்தால் நீ நூற்றில் ஒரு பங்கு போட்டிருக்க மாட்டாய்.

நேற்று இயக்குநரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய அறிக்கையை ரத்து செய்திருக்கிறார்கள். என்னைத் தட்டுப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், விசாரணை முடியும் வரை.

ஜூலை முதல் தேதிக்கு எட்டு நாள் இருக்கிறது. அந்த நூற்று நாற்பது பேருக்கும் மூக்கு உண்டு. நீ சொன்னால்தான் உன் முதலாளி நிறுத்துவார். சொன்னால் உன் வேலை போகும், எனக்குத் தெரியும். போனை எடு அண்ணா. நாலு முறை அடித்துவிட்டேன்.

தங்கை


ஜூன் 28

கிருமிக்கு,

போனை எடுக்கமாட்டேன். எழுதி வைக்காதது நடந்ததாக ஆகாது என்று சொன்னது நீதான்.

பதினோரு நாள் போட்டேன். காலையில் இரண்டு சொட்டு, சாயங்காலம் இரண்டு. நூற்றில் ஒரு பங்கு; தங்க முத்திரைக்காரன் சொன்ன அளவு. முதல் நாள் எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று நினைத்துக்கொண்டேன், குழந்தை ஷாம்பூ செய்கிறவன். எட்டாம் நாள் கம்பெனியில் வாசனை பார்க்கிற மேஜையில் உட்கார்ந்தேன். ஒரு வாசனைக்கும் அடுத்த வாசனைக்கும் நடுவே சொந்தச் சட்டைக் கையை முகர்ந்துகொள்வோம், மூக்கு பழைய நிலைக்குத் திரும்பும். முகர்ந்தேன். என் கையே அங்கே இல்லை.

அதன் பிறகும் மூன்று நாள் போட்டேன். ஏன் என்று கேட்காதே. உன் மே மாதக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. நீ சொன்னது பலித்துவிட்டது என்று ஒப்புக்கொள்வதைவிட இன்னும் இரண்டு சொட்டு போடுவது சுலபமாக இருந்தது.

இரண்டு வாரமாகச் சோப்பின் நிறத்தைப் பார்த்துச் சரி என்கிறேன். மெஷின் தாளைத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக் காட்டுகிறேன். மெஷினை எவ்வளவு கேவலமாகப் பேசியிருப்பேன். இப்போது அதுதான் எனக்குக் கண்கண்ட தெய்வம். அந்த ரோஜாவில் அதுவும் ஏமாந்துவிட்டது.

உன் மூன்று வரிசைக்கு வருகிறேன். படித்ததும் உன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. நன்றாக ஒரு மணி நேரம் கெட்ட வார்த்தையில் திட்டினேன். உன் அண்ணி கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். என் இருபத்தேழை ஒரு முழுத் தட்டுக்கு லாயக்கில்லாதது என்று நினைத்தாயே, அதை நான் மறக்கப்போவதில்லை. செத்தாலும் மறக்கமாட்டேன். ஆறாவது வரிசையை மூன்று முறை படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் முறை அழுதேன். எதற்காக என்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

நேற்று முதலாளி பேக்கிங் பிரிவிலேயே கூட்டம் போட்டார். முதலாம் தேதி எப்படிச் சொட்டு விடுவது என்று விளக்குவதற்கு. எல்லோரும் வரிசையாக நின்றார்கள். சின்னச் சின்ன பாட்டில்கள், நூற்று நாற்பது, மேஜைமேல். அவர் என்னைப் பார்த்து, "நம்ம மூக்குக்காரரே ரெண்டு வாரம் போட்டிருக்காரு, எப்படி இருக்காரு பாருங்க" என்றார். கைதட்டினார்கள். நான் அவர் பக்கத்தில் போய், "எனக்கு வாசனை போயிடுச்சு முதலாளி. இதைக் கொடுக்காதீங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், "மெதுவாப் பேசுங்க, அவங்க காதுல விழும்" என்றார்.

அதனால் மறுபடியும் சொன்னேன், கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி.

பாட்டில் எதையும் யாரும் தொடவில்லை. முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு, சாவியையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார். மெஷின் இருக்கிறதே, அது போதுமாம். வாசலில் பேக்கிங் பெண் ஒருத்தி வந்து, "எங்க மூக்கு தப்பிச்சுது சார், உங்களுக்கு எப்போ சரியாகும்?" என்று கேட்டாள். டாக்டர் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன்: ஆறு மாதத்தில் வரலாம், ஒரு வருடம் ஆகலாம், வராமலும் போகலாம்.

உன் விசாரணைக்கு ஆள் தேவைப்படும். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் இயக்குநர் முன்னால் உட்கார்ந்து, என்ன அளவில், எத்தனை நாள், எது எப்போது போனது என்று எல்லாவற்றையும் சொல்கிறேன். எழுதிக்கொள்ளட்டும். அறிக்கையில் நான் எழுதிய அளவையும் போடு, நான் போட்டுக்கொண்ட அளவையும் போடு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை முட்டாள்கள் இருந்தார்கள் என்று அவர்களே எண்ணிக்கொள்வார்கள்.

பஸ் நிலையத்துக்கு நீ வரலாம். வந்தால் வழக்கம்போல ஏதாவது ஏளனமாகப் பேசு, பதில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்கிறது. பாவம் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாயோ, அதே பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடுவேன்.

அண்ணன்